ஆறரைக் கோடி வருட அழுக்கு

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை. ஆயுத பூஜை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.35க்குப் பால் வந்தது, இரண்டு பாக்கெட். 5.50க்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டேன், பதினைந்து புள்ளி. 6.20க்குக் கொண்டைக்கடலையை வடித்து வைத்தேன். 6.40க்கு மருமகள் தேன்மொழி ஐயப்பன்தாங்கலுக்குக் கிளம்பினாள். அவள் அம்மா தையல் மெஷினுக்குப் பூஜை போடுவார், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். 7.00: வேலை ஆரம்பம்.

இதுவரை அந்த நாளின் டைரியில் ஒரு தப்பும் கிடையாது. 7.00க்குப் பிறகுதான் எல்லாமே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்து நான்கு வருடமாக இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறேன். எடு, துடை, அள, வரிசையில் வை. ஒரு நாளைக்கு இதை இரண்டாயிரம் முறை செய்கிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் பருப்பு டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். பழைய பேப்பர் தேதி வரிசையில் கிடக்கும். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் காற்று வாங்கப் போனாலும் நான் செருப்புகளை ஜோடி சேர்த்துவிட்டுத்தான் வருவேன் (அடுத்தவர் செருப்பையும்தான்).

என் கணவர் ஏகாம்பரம் திருமழிசை ரோட்டில் மணல், ஜல்லி, செங்கல் சப்ளை செய்கிறார். மகன் ஓசூரில் வேலை, மாதம் இருமுறை வருவான். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தேன்மொழி மண்ணியல் ஆராய்ச்சி மாணவி. பெண் பார்க்கப் போனபோது, "பொண்ணு கல்லைப் பத்திப் படிக்குது" என்று அவள் அம்மா சொன்னதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்போ நம்ம தொழில்தான்" என்றார். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது.

செப்டம்பரில் அவள் அரியலூர் பக்கம் ஐந்து நாள் போய்விட்டு ஒரு சாக்கு நிறையப் பொட்டலங்களோடு வந்தாள். பழைய பேப்பரில் சுற்றிய கற்கள், பதினேழு. சுற்றிய பேப்பரோடு மாடி அறைச் சுவரோரம் ஒரே வரிசையாக அடுக்கினாள். என் கணவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, இதுக்கா அவ்ளோ தூரம் போனே? இத்த விட ஷோக்கா நம்ம கடையிலயே கீதே."

தேன்மொழி சிரித்தாள். என்னிடம், "அத்தை, அந்தக் கல்லுங்க மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டும் என்றாள். கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை. (இந்த வாதத்தை நான் பிறகு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூவருமே வேறு பக்கம் பார்த்தார்கள்.)

ஆயுத பூஜையன்று அவரவர் தொழில் சாமானைச் சாமி முன்னால் வைப்பது வழக்கம். இவருடைய மண்வெட்டியும் டெம்போ சாவியும், என் அளவுகோலும் பேனாவும், மகனுடைய பழைய மவுஸ் (வேறு எதையும் அவன் விட்டுப்போகவில்லை). தேன்மொழி முந்தின நாளே தன் புத்தகங்களையும், அரியலூரில் எழுதிய நோட்டையும், சுத்தியலையும் பூஜை அறையில் வைத்துவிட்டாள். கல்லை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தொழிலே கல்தானே? கல் இல்லாமல் சுத்தியலை மட்டும் வைத்தால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? புது மருமகள் திரும்பி வரும்போது தன் கற்களெல்லாம் குளித்து, பொட்டு வைத்து, பூவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எப்படி மகிழ்வாள்!

7.00க்குச் சாக்கோடு கொல்லைப்புறம் போனேன். இரண்டு வாளி தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, கம்பி நார்.

முதலில் பேப்பர்களை உதறி, நீவி, மடித்தேன். எல்லாம் திருச்சிப் பதிப்பு. ஆனாலும் பேப்பர் பேப்பர்தானே, வீட்டுப் பேப்பர் கட்டுக்குள் அததன் தேதிக்கு நேராகச் செருகினேன். அடுத்து, ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்துப் பிசின் தெரியாமல் உரித்தேன். பக்கத்திலேயே மார்க்கரில் ஒரு அம்புக்குறி. அது மட்டும் தேய்க்கத் தேய்க்க மங்கியதே தவிரப் போகவில்லை. சாமி முன்னால் கிறுக்கல் தெரியக் கூடாது என்று சரியாக அதன் மேலேயே சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

ஒரே ஒரு பொட்டலம்தான் தொல்லை கொடுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. வாளியில் போட்டுத் தேய்த்தேன், அழுக்கு போனது. இன்னும் தேய்த்தேன், இன்னும் போனது. உள்ளே எங்கேயோ கல் இருக்கும் என்ற நம்பிக்கையில் கால் மணி நேரம் தேய்த்தேன். கடைசியில் கையில் கம்பி நார் மட்டும் இருந்தது. வாளித் தண்ணீரையும் அடியில் தங்கிய சேற்றையும் வாழைக்கு ஊற்றினேன்.

டைரியில் அப்போதே குறித்தேன். இன்றும் அப்படியே இருக்கிறது: "கல் 16. வெறும் அழுக்கு 1."

பதினாறையும் பூஜை அறையில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. 10.30க்குப் பூஜை. 12.00க்கு இவர் சுண்டலும் வடையும் பொட்டலம் கட்டி, பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த தன் கூட்டாளி காதர் பாயிடம் கொடுத்து அனுப்பினார். பாய்தான் எங்கள் டெம்போவுக்கு வைத்தியர்.

1.10க்குத் தேன்மொழி வந்தாள். கை பிடித்து நேராகப் பூஜை அறைக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினேன்.

அவள் பார்த்தாள். கண்ணை மூடினாள். திறந்து மறுபடி பார்த்தாள்.

"அத்தை… இதெல்லாம்…"

"உன்னோடதுதான்மா. அடையாளமே தெரியலல்ல?"

"தெரியல அத்தை," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். (இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் பழக்கம்.)

"நம்பர் எல்லாம் எங்க அத்தை?"

"பத்திரமா இருக்கு!" என்று ஓடிப்போய்க் குப்பைக்கூடையிலிருந்து பிளாஸ்திரிகளைப் பொறுக்கி, எண்ணி, நீட்டினேன். பதினேழும் இருந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை.

"எந்த நம்பர் எந்தக் கல்லுக்கு?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ லேசாக ஆடியது. எங்கள் கம்பெனியில் யாராவது ஒரு பெட்டியிலிருந்து லேபிளை உரித்தால் அன்றைக்கே நான் மெமோ எழுதுவேன்.

"வரிசையிலதான்மா வச்சிருக்கேன்," என்றேன். "சின்னதுலேர்ந்து பெரிசு."

அவள் மெதுவாகச் சொன்னாள். ஓடைக்கரை ஒன்றின் அடியிலிருந்து மேலே மேலே ஏறி எடுத்த கற்கள் அவை. அடியில் இருப்பது பழையது. அதன் மேல் படிந்தது அதற்குப் பிந்தியது. கீழ்க்கற்கள் டைனோசர் காலத்து மணலும் களிமண்ணும், மேல்கற்கள் டைனோசர் போன பிறகு வந்த கடலின் சுண்ணாம்பு. நடுவில் எங்கேயோ ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் எல்லாம் அழிந்துபோனது. அந்த இடத்தைத்தான் தேடுகிறாள். புதன்கிழமை அவளுடைய பேராசிரியர் கற்களை வெளியூரில் அறுத்துப் பார்க்க எடுத்துப் போகிறார். வரிசை தெரியாவிட்டால் அவை வெறும் கல். மழை தொடங்கிவிட்டதால் அந்த ஓடைக்கரை தை மாதம் வரை தண்ணீருக்குள் கிடக்கும். ஆய்வேடு கொடுக்க வேண்டியதோ டிசம்பரில்.

எனக்குப் பாதி புரியவில்லை. கீழே இருப்பது எப்படி முதலில் வரும்? எங்கள் கம்பெனியில் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்போம்? கடல் எப்படி அரியலூருக்கு வந்தது? வந்தது ஏன் போனது? நான் கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் என் தலைக்குள் இன்னும் இரண்டு கல் இடம் மாறின.

இவர் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "அப்போ இந்தக் கல்லு டைனோசரைப் பாத்துகீது, அந்தக் கல்லு பாக்கல. அதானே மேட்டரு?" என்றார்.

"கரெக்ட் மாமா. எந்தக் கல்லு பார்த்ததுனுதான் இப்ப தெரியல."

பிறகு எண்ணினாள். இரண்டாம் முறை எண்ணினாள். "பதினாறுதான் இருக்கு. சாம்பல் கலர்ல ஒரு களிமண் கட்டி இருக்குமே?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

"அதுல கல்லே இல்லம்மா," என்றேன். "வெறும் அழுக்கு."

"அந்த அழிவு அதுக்குள்ளதான் இருக்கணும்னு தேடிட்டு இருக்கேன் அத்தை. எங்க இருக்கு?"

"வாழை மரத்துல."

அவள் கொல்லைப்புறம் போய் வாழையின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் என் காதோரம், "டைனோசரு இன்னா விண்கல்லாலயா அழிஞ்சுது மல்லிகா? கம்பி நாரால அழிஞ்சுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். கையில் கரண்டி இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

அவள் உள்ளே வந்து, அம்புக்குறியைப் பற்றிக் கேட்டாள். எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்தது என்பதற்கான குறியாம் அது. அதையாவது சரியாகச் சொல்ல முடிந்தது. "போகலம்மா. எவ்வளவோ தேச்சேன், போகல. பொட்டுக்கு அடியில இருக்கு." அந்த நாளில் என்னைக் காப்பாற்றிய ஒரே தோல்வி அது.

"எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருப்பியே?" என்றார் இவர்.

எழுதித்தான் இருந்தாள். நோட்டு சரஸ்வதியின் காலடியில், ஏழு புத்தகங்களுக்கு அடியில், பொட்டோடு இருந்தது. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக் கூடாது, திறக்கக் கூடாது, படிக்கக் கூடாது. இந்த வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் மறுநாள் டியூஷன் டெஸ்ட் என்று அழுதபோதுகூடக் கணக்குப் புத்தகத்தை எடுக்க விடவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "எடுத்துக்கோம்மா. நான் சொல்றேன், எடு" என்றேன்.

"வேணாம் அத்தை. காலையில எடுத்துக்கறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வங்கிக் கவுண்டரில் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். நான்கு மாதமாக அவள் என்னை 'அத்தை' என்று கூப்பிட்டதற்கும் அன்றைய 'அத்தை'க்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. எனக்குக் கல்லைவிட அந்தப் பள்ளம்தான் பயமாக இருந்தது.

3.15க்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. "சுத்தியிருந்த பேப்பர் இருந்தா ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

அவள் நிமிர்ந்தாள். அரியலூரில் தினமும் காலையில் டீக்கடையில் அன்றைய பேப்பரை வாங்கி, அன்றைக்கு எடுத்த கல்லை அதிலேயே சுற்றியிருக்கிறாள். முதல் நாள் ஓடையின் அடிமட்டம், ஐந்தாம் நாள் மேல்மட்டம். தாளில் கல்லின் மண் கறை கொஞ்சமாவது படிந்திருக்கும். எந்தக் கறை எந்தக் கல்லுடையது என்று பார்த்தால் நாள் தெரிந்துவிடும். நாளுக்குள் வரிசையும் கல்லின் விவரமும் நோட்டில் இருக்கின்றன.

பரணுக்குக் கீழே என் பேப்பர் கட்டைக் காட்டினேன். ஜனவரியிலிருந்து இடுப்புயரம். அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"அடியில ஜனவரியா அத்தை?"

"பின்னே? பழசு கீழே, புதுசு மேலே."

"நம்ம ஊர்ப் பேப்பருக்கு நடுவுல திருச்சிப் பேப்பரையும் தேதி பார்த்தா செருகினீங்க?"

"வேற எப்படி வைக்கிறது?"

முதல் முறையாக அவள் உதடு லேசாக வளைந்தது. "நீங்க கேட்டீங்களே, கீழே இருக்கறது எப்படி முதல்ல வரும்னு. இதுதான் அத்தை அது."

நான் கட்டைப் பார்த்தேன். பதினோரு வருடமாக நான் அடுக்கிவந்த ஒன்றை அன்றுதான் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடமே மறுபடி குழம்பிவிட்டேன், அது வேறு விஷயம்.

செப்டம்பரைப் பிரித்தோம். முதல் நாள் தாள் நான்கு, இரண்டாம் நாள் மூன்று, நான்காம் நாள் மூன்று, ஐந்தாம் நாள் மூன்று. மூன்றாம் நாளைக் காணோம். அதே தேதியின் எங்கள் பேப்பரையும் காணோம். வெளியிலிருந்து பார்த்தால் கட்டு ஒரு குறையும் இல்லாமல் ஒட்டியிருந்தது.

"என்னங்க!"

இவர் எண்ணெய்க் கையோடு வந்தார். "வடைக்கும் சுண்டலுக்கும் எடுத்தேன். மேல இருந்து உருவினா நீ கண்டுபுடிச்சிடுவே. அதான் நடுவுல."

தேன்மொழி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அரியலூர்லயும் அப்படியேதான் மாமா. கீழ்ப் படிவமும் மேல் படிவமும் ஒட்டினாப்பல இருக்கும், நடுவுல பல லட்சம் வருஷத்துப் பக்கத்தைக் காணோம். யார் உருவினாங்கனு தெரியாது."

"இங்க தெரியும்," என்றேன்.

"அதான் வடை பல்லுல நறநறன்னுச்சா?" என்றார் இவர்.

இரண்டு தாள் வடைக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகியிருந்தது. ஒரு கறையும் மிஞ்சவில்லை. மற்ற இரண்டும் காதர் பாய் கொண்டுபோன பொட்டலங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், சுண்டல் துன்னியா?"

"துன்னுட்டேன் நைனா, சோக்கா இருந்துச்சு. இன்னும் கீதா?"

"அது கீது. அந்தப் பேப்பரு எங்க?"

"எந்தப் பேப்பரு?"

"சுண்டல் சுத்துன பேப்பரு. வடை சுத்துனதும்."

"இன்னா நைனா, குடுத்த சுண்டலைத் திருப்பிக் கேட்டாக்கூட அர்த்தம் கீது. பேப்பரைக் கேக்கறே?"

"அதுல டைனோசரு கீது பாய்."

"உனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

தேன்மொழி போனை வாங்கி, "அண்ணே, அது என் படிப்புக்கு வேணும். குப்பையில இருந்தாலும் பரவால்ல" என்றாள். உடனே பாயின் குரல் மாறிவிட்டது. "இரும்மா, இதோ பாக்கறேன்." செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், யாரையோ அதட்டும் சத்தம். பிறகு, "மன்னிச்சுக்கோம்மா. ஊட்டுல ஒரு ஆடு கீது. ரெண்டு பேப்பரையும் துன்னுகினு நிக்குது. ஒரு மூலை மட்டும் வாயில கீது. புடுங்கட்டா?"

"வேணாம் அண்ணே," என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகை கலந்த சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

மீதிப் பதின்மூன்று தாளையும் ஒவ்வொன்றாகப் பூஜை அறைக்குக் கொண்டுபோய், கல்லைத் தொடாமல், பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். மஞ்சள் மண் கறை, வெள்ளைச் சுண்ணாம்புக் கறை, கல்லின் முனை குத்திய ஓட்டை. "இன்னிக்குப் படிக்கக் கூடாதே?" என்று இவர் கேட்டதற்கு, "செய்தியைத்தான் படிக்கக் கூடாது, அழுக்கைப் படிக்கலாம்" என்றேன். விதியை நான் வளைத்தது அதுதான் முதல் தடவை. 6.40க்குப் பதின்மூன்று கல்லுக்கும் நாள் தெரிந்துவிட்டது. மிஞ்சியவை மூன்றும் மூன்றாம் நாளுக்குரியவை. நோட்டைப் பார்த்த பிறகு அதிலும் ஒன்று தேறியது. மற்ற இரண்டுக்கும் நோட்டில் ஒரே விவரம்தான் இருந்தது, எது முன், எது பின் என்று இன்றுவரை தெரியாது. அவள் ஆய்வேட்டில் அந்த இரண்டையும் சேர்க்கவில்லை. வரைபடத்தில் அங்கே வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறது. பேராசிரியருக்கு அது கல் கிடைக்காத இடம். எங்கள் வீட்டில் அதன் பெயர் 'அத்தை அடுக்கு'.

அந்த வாழை அடுத்த வருடம் தாறு போட்டது. முதல் சீப்பை இவர் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய், "உன் ஆட்டுக்கு, பாதி படிச்சிகினு விட்டுட்டுதே, மீதி" என்று பாயிடம் கொடுத்தார். இப்போதும் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், கண்ணாடியோ கரண்டியோ, யாரும் என்னிடம் நேராகக் கேட்பதில்லை. "வாழையில பாத்தியா?" என்றுதான் கேட்பார்கள். ஓசூரிலிருந்து போனில் மகன்கூட.

அன்றைய பக்கத்தின் கடைசியில், 9.05க்கு, இப்படி எழுதியிருக்கிறேன்: "வெறும் அழுக்கு 1 என்று எழுதியது தவறு. திருத்தம்: மருமகள் தேடியது 1." எழுதிவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. காலை 5.40. கற்பூரம் காட்டிவிட்டு, பூஜை முடிந்ததற்கு அடையாளமாகச் சாமி படத்தை லேசாக வடக்கே நகர்த்தி, முதலில் நோட்டை எடுத்துத் தேன்மொழியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு மணையைக் காட்டினாள்.

"நீங்க உட்காருங்க அத்தை."

உட்கார்ந்தேன். மடியில் ஒரு மஞ்சள் கல்லை வைத்தாள். கையில் புது மார்க்கரும் ஒரு துண்டுப் பிளாஸ்திரியும் கொடுத்தாள்.

"அந்தக் களிமண்ணுல பாதி காலேஜ்ல இருக்கு. முக்கியமானதைப் பிரிச்சு வைக்கறது எங்க வழக்கம்."

எனக்கு மூச்சு வந்தது. "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நேத்து சொல்ற மாதிரி இல்ல அத்தை," என்றாள். அது பழைய 'அத்தை'. "இது அடிக்கல்லு. எழுதுங்க."

ஐம்பத்தோரு வயதில், விஜயதசமி காலையில், முதல் வேலையாக, ஒன்று என்று எழுதினேன்.